மன்றம் இல்லாத மண்டபம், மண்டபம் இல்லாத மன்றம்

கோட்டக்குப்பத்துக்கும் புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கும் இடையே நான்கு கிலோமீட்டர் இருந்தால் அதிகம். நடுவில் முத்தியால்பேட்டை. வீடுகள் விடாமல் தொடர்வதால், தமிழ்நாடு எங்கே முடிந்து ஒன்றியப் பிரதேசம் எங்கே தொடங்குகிறது என்பதைக் கடைப் பலகையில் எழுதியிருக்கும் முகவரியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் உள்ளாட்சி என்று வரும்போது இந்த இரண்டு ஊர்களும் வேறு வேறு பாதையில் வந்திருக்கின்றன. 2021ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டாலே இது விளங்கும். அந்த ஆண்டு பிப்ரவரி 25 அன்று, இடிந்து விழுந்திருந்த புதுச்சேரி நகராட்சி மண்டபம், அதாவது ஊரார் ‘மேரி’ என்றே அழைக்கும் கட்டடம், பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டப்பட்டுப் பிரதமரால் திறந்துவைக்கப்பட்டது. அதே ஆண்டில் கோட்டக்குப்பம் பேரூராட்சி நகராட்சியாகத் தரம் உயர்ந்தது. ஒரு பக்கம் கடலைப் பார்த்து நிற்கும் வெண்தூண் மண்டபம். அதில் உட்கார மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. இன்னொரு பக்கம் அடுத்த ஆண்டே 27 வார்டுகளுக்கும் தேர்தல் நடந்து நகர்மன்றம் அமைந்தது. பெயர் சொல்லும்படியான பழைய மண்டபம் ஏதும் அந்த ஊருக்கு இல்லை.

பழைய நகர மண்டபங்களைப் பற்றி நாம் பேசும்போது பெரும்பாலும் தூண்களையும் வளைவுகளையும் சுண்ணாம்புப் பூச்சையும்தான் பேசுகிறோம். மரபுக் கட்டடம் என்ற பார்வையில் அது சரியே. ஆனால் ஒரு நகராட்சி மண்டபத்தை மற்ற பழைய கட்டடங்களிலிருந்து வேறுபடுத்துபவை இரண்டு: அங்கே வைத்திருக்கும் பதிவேடுகள், அங்கே கூடி முடிவெடுக்கும் மன்றம். மேரியின் வரலாற்றை அந்தக் கண்ணோட்டத்தில் படித்தால், 2014இல் கட்டடம் விழுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அதன் பாதி போய்விட்டது தெரியும்.

மேரி கட்டப்பட்டது 1870–71இல். புதுச்சேரிக்கு நகராட்சி மன்றம் வந்தது அதற்கு ஏறக்குறைய பத்தாண்டு கழித்து, 1880 மார்ச் 12ஆம் தேதியிட்ட பிரெஞ்சு ஆணையால். அந்த ஆணைப்படி இந்தியாவிலிருந்த பிரெஞ்சுப் பகுதிகள் பத்து கொம்யூன்களாக, அதாவது நகராட்சிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டன. புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் ஆகிய நான்கும் புதுச்சேரி வட்டாரத்தில் அடங்கின. 1907இல் கொம்யூன்கள் 17ஆக உயர்ந்தன. எல்லைக்கு இந்தப் பக்கம், கோட்டக்குப்பம் இருந்த தென்னார்க்காட்டுப் பகுதி உள்ளிட்ட சென்னை மாகாணத்தில் நடந்தது வேறு கதை. ரிப்பன் பிரபுவின் உள்ளாட்சித் தீர்மானம் வந்தது 1882 மே மாதத்தில். அதையொட்டிய மாவட்ட நகராட்சிச் சட்டம் 1884இல் வந்தது. பிரிட்டிஷ் பக்கம் வரி கட்டும் சிலருக்கே வாக்கு. பிரெஞ்சுப் பக்கம் வயது வந்த ஆண்களுக்கெல்லாம் வாக்கு. கொள்கையளவில் மேரி அந்தக் காலத் தமிழ் நிலத்தின் மிக விரிந்த வாக்குரிமையைத் தாங்கிய கட்டடம்.

கொள்கையளவில் என்று சொல்லக் காரணம் உண்டு. வாக்காளர்கள் ஒரே பட்டியலில் இல்லை. ஐரோப்பியருக்கும் அவர்கள் வழிவந்தோருக்கும் ஒரு பட்டியல், இந்தியருக்கு ஒரு பட்டியல் என்று முதலில் பிரித்தார்கள். 1881 செப்டம்பர் 21 ஆணை, தம் சாதி, சமயத் தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்கலாம் என்று இந்தியருக்கு வழி திறந்தது. அப்படித் துறந்தவர்கள் ரெனோன்சான்கள் எனப்பட்டார்கள்; புதுக் குடும்பப் பெயரும் சூட்டிக்கொண்டார்கள். அந்த இயக்கத்தின் முன்னோடியான பொன்னுத்தம்பி பிள்ளை லப்போர்த் ஆனது இப்படித்தான். 1884இல் பட்டியல்கள் மூன்றாயின. ஒரு கைப்பிடி ஐரோப்பியர் தம் தலைக்கணக்குக்குச் சற்றும் பொருந்தாத இடங்களைப் பிடித்துக்கொள்ள அது வழிசெய்தது. எதிர்ப்பக்கத்தில் சண்முகவேலாயுத முதலியார் சாதி இந்துக்களின் வாக்கைத் திரட்டிப் பல ஆண்டுகள் ஊர் அரசியலைத் தம் கைக்குள் வைத்திருந்தார். அடியாள், கள்ள வாக்கு, காணாமல் போகும் வாக்குப்பெட்டி என்று பிரெஞ்சிந்தியத் தேர்தல்கள் கெட்ட பெயர் எடுத்தன. மேரியின் பழைய நாள்களைப் பொற்காலமாக வரைபவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். பட்டியல் பேதம் நீங்கிப் பெண்களும் சேர்ந்து எல்லோரும் ஒன்றாக வாக்களித்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான்.

ஆனால் அரசியலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், சாதாரண மனிதர் மேரிக்கு நடந்த நடை பதிவேடுகளுக்காக. பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றும் ‘எத்தா சிவில்’ ஏடுகளில் ஏற வேண்டும். பிரெஞ்சுச் சட்டத்தின்படி மணம் முடிப்போர் மேயர் முன்னிலையில் சம்மதம் சொல்லிக் கையெழுத்திட வேண்டும். கோயிலிலோ தேவாலயத்திலோ நடக்கும் சடங்கு அதிலிருந்து தனி. அப்பா பெயர், அம்மா பெயர், தொழில், சாட்சிகள் என்று மூன்று தலைமுறைக் குடும்ப வரலாறு சில வரிகளில் அந்த ஏடுகளில் கிடக்கிறது. பிரிட்டிஷ் பக்கத்தில் கிராமக் கணக்கர் எழுதிய பிறப்பு இறப்புக் கணக்கில் குழந்தையின் பெயர்கூட இல்லாமல் போவது உண்டு. ஒரே மொழி பேசி, ஒரே கடலில் வலை வீசி, பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழ்ந்த மக்களுக்குள், தாத்தாவின் பிறந்த தேதியைக் காட்ட முடிந்தவர், முடியாதவர் என்ற வேற்றுமையை உண்டாக்கியது இந்த எல்லைக்கோடுதான்.

அது எவ்வளவு பெரிய வேற்றுமை என்பது 1962இல் தெரிந்தது. பிரான்சும் இந்தியாவும் 1956 மே 28 அன்று கையெழுத்திட்ட ஒப்படைப்பு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுப் பகுதிக்குள் பிறந்து அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடியினர் இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். பகுதிக்கு வெளியே பிறந்து உள்ளே குடியிருந்த பிரெஞ்சுக் குடியினருக்கோ பிரெஞ்சுக் குடியுரிமை தானாகவே தொடர்ந்தது. பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீடு போகும் வழக்கமுள்ள சமூகத்தில் இதை எண்ணிப் பாருங்கள். தாய் வீடு முத்தியால்பேட்டையிலா, கோட்டக்குப்பத்திலா என்பது ஒரு குழந்தையின் நாட்டையே முடிவுசெய்திருக்கக்கூடும். இன்றும் பிரான்சில் இருக்கும் புதுச்சேரிக் குடும்பங்கள் பாட்டனின் பிறப்புப் பதிவைத் தேடுவதற்கு இதுவே காரணம். மரபுக் கட்டடங்களுக்காகக் குரல் கொடுப்பவர்கள் தூண்களுக்குத் தரும் கவனத்தில் பாதியையாவது இந்த ஏடுகளுக்குத் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தூணை அளந்து மறுபடி கட்டலாம். கரையான் தின்ற ஏட்டை அப்படி மீட்க முடியாது.

நகராட்சி மன்றங்களின் வலிமை உச்சத்துக்கு வந்தது 1948க்கும் 1954க்கும் இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில். 1948 ஜூன் உடன்பாட்டில், இந்தியாவோடு சேர்வதா பிரான்சோடு இருப்பதா என்பதை மக்கள் வாக்கெடுப்பு முடிவுசெய்யும் என்றும், அந்த வாக்கெடுப்பின் நாளையும் முறையையும் நகராட்சி மன்றங்கள் தீர்மானிக்கும் என்றும் ஒப்புக்கொண்டார்கள். தெரு விளக்குக்கும் சாக்கடைக்கும் பொறுப்பான மன்றத்தின் கையில் இறையாண்மைக் கேள்வியை வைத்தது உலக வரலாற்றில் அடிக்கடி நடப்பதல்ல. பிரெஞ்சுப் பகுதிகளில் ஒன்றான சந்திரநாகூரில் 1949 ஜூன் 19 அன்று வாக்கெடுப்பு நடந்தது. இந்தியாவுக்கு 7,473 வாக்கு, எதிராக 114. புதுச்சேரியில் அது நடக்கவே இல்லை. மாறாக 1954 மார்ச் 18 அன்று புதுச்சேரியும் சுற்றியிருந்த ஏழு கொம்யூன்களும் சேர்ந்த எட்டின் மேயர்கள், ஆட்சிக்குழு உறுப்பினர்களோடு கூடி, வாக்கெடுப்பு இல்லாமலே இந்தியாவோடு இணையத் தீர்மானம் போட்டார்கள். மன்றங்களின் மனமாற்றம்தான் பிரெஞ்சு ஆட்சியின் அடிக்கல்லைப் பெயர்த்தது.

அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று கீழூரில், சட்டமன்ற உறுப்பினர்களும் நகராட்சி மன்ற உறுப்பினர்களுமாக 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. கீழூரில் இன்று நினைவுத்தூண் நிற்கிறது. வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் கொம்யூன் மன்ற உறுப்பினர்கள் என்பதை அங்கே போய்வருபவர்களில் எத்தனை பேர் மனத்தில் வாங்கிக்கொள்கிறார்கள் என்று தெரியவில்லை. ஒரு நிலப்பகுதி ஒரு நாட்டோடு சேர்ந்ததற்குக் கையெழுத்திட்டவர்கள் வார்டு உறுப்பினர்கள். புதுச்சேரியின் உள்ளாட்சிக்கு இதைவிடப் பெரிய பெருமை கிடையாது.

இணைப்புக்குப் பிறகும் பழைய பிரெஞ்சு நகராட்சிச் சட்டமே சில காலம் தொடர்ந்தது. பிரெஞ்சுக் காலத்து அரசியலின் பெரும்புள்ளியான எதுவார் குபேர், புதுச்சேரி மேயராக இருந்தவர், 1963 ஜூலை 1 அன்று ஒன்றியப் பிரதேசத்தின் முதல் முதலமைச்சரானார். மேரி நிற்கும் கடற்கரைச் சாலைக்கு இன்று அவர் பெயர்தான். மேயர் நாற்காலியிலிருந்து முதலமைச்சர் நாற்காலிக்கு ஒருவர் நகர்ந்ததோடு அதிகாரமும் நகர்ந்துவிட்டது என்றே தோன்றுகிறது. 1968இல் நகராட்சித் தேர்தல் நடந்தது. 1973இல் புதுச்சேரி நகராட்சிகள் சட்டம் இயற்றப்பட்டு 1974இல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் வந்தது, தேர்தல் வரவில்லை. 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள்! 1992இல் 74ஆம் அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை நகராட்சித் தேர்தல் கட்டாயமான பிறகும் பதின்மூன்று ஆண்டுகள் கடந்து, நீதிமன்றங்களின் அழுத்தத்தோடு 2006இல்தான் அடுத்த தேர்தல். அந்த மன்றத்தின் காலம் 2011இல் முடிந்தது. மேரி இடிந்தபோதும் மன்றம் இல்லை, எழுந்தபோதும் இல்லை.

இடிந்தது 2014 நவம்பர் 29 அன்று. வடகிழக்குப் பருவமழை ஊறிய ஒரு சனிக்கிழமை, ஏறக்குறைய 143 ஆண்டு நின்ற கட்டடம் சரிந்தது. மழைமேல் பழி போடுவது எளிது. பிரெஞ்சுக் காலக் கட்டடங்களின் தளம் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்திரம், அதன்மேல் செங்குத்தாகப் பதித்த சிறு செங்கல், மேலே சுண்ணாம்புக் காரை. சுவர்களும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. இப்படிப்பட்ட கட்டடம் நூறாண்டு என்ன, இருநூறாண்டும் நிற்கும். ஒரு நிபந்தனை, ஆண்டுதோறும் யாராவது மொட்டைமாடிக்கு ஏறித் தண்ணீர் போகும் வழியைத் துப்புரவாக்கி, வெடிப்பை அடைத்து, சுவரில் முளைக்கும் அரசங்கன்றைப் பிடுங்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் உத்திரம் சுவரில் நுழையும் இடத்தில் ஈரம் தங்கி மரம் உளுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. புதுச்சேரியில் அப்படி விழுந்த பழைய கட்டடம் மேரி மட்டுமல்ல. வார்டு மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய மன்றம் ஒன்று மாதந்தோறும் அந்தக் கூரையின் கீழே கூடியிருந்தால், ஒழுகும் கூரை அஜெண்டாவில் ஏறாமல் போயிருக்குமா? இதை நிறுவ முடியாது. ஆனால் அந்தக் கேள்வியைத் தள்ளிவிடவும் முடியாது.

மீட்டுக் கட்டும் வேலை உலக வங்கி உதவியோடு நடந்த கடலோரப் பேரிடர்த் தணிப்புத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. பழைய படங்களையும் அளவுகளையும் கொண்டு அதே முகப்பை எழுப்பினார்கள். நல்ல வேலைதான், கடற்கரைச் சாலையின் வரிசையில் விழுந்த ஓட்டை அடைபட்டது. அதே 2021இன் செப்டம்பரில் உள்ளாட்சித் தேர்தலும் அறிவிக்கப்பட்டது. வார்டு ஒதுக்கீட்டில் குளறுபடி என்று வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அக்டோபரில் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது.

இனி வடக்கே திரும்புவோம். கோட்டக்குப்பத்துக்குக் கூடிப் பேசும் இடங்கள் இல்லாமல் இல்லை. பள்ளிவாசலைச் சுற்றி ஜமாஅத் இருக்கிறது. திருமண ஒப்பந்தம், குடும்பத் தகராறு, ஏழைக்கு உதவி என்று அது சுமக்கும் பொறுப்புகள் ஏராளம். கடலோரக் குப்பங்களில் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறது. எந்த வலை போடலாம், எந்த நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்பதை அது சொன்னால் ஊர் கேட்கும். கலியாண மண்டபங்கள், பள்ளி மைதானங்கள், கிழக்குக் கடற்கரைச் சாலை டீக்கடைகள் எல்லாம் உண்டு. வரலாறு தேடினால் இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் சோழர் காலச் சபை 340 மாணவர் படித்த கல்விச்சாலையைப் பராமரித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. கூடி நிர்வகிப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

ஆனால் இவற்றுக்கெல்லாம் ஓர் எல்லை உண்டு. ஜமாஅத்தில் அதன் உறுப்பினர் பேசலாம், ஊர்ப் பஞ்சாயத்தில் அந்தக் குப்பத்து ஆண்கள் பேசலாம், சோழர் சபையில் நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர் பேசலாம். முஸ்லிம் வணிகர், மீனவர், சேரி மக்கள், வாடகைக்கு வந்து குடியேறியவர், இவர்கள் வீட்டுப் பெண்கள் என்று எல்லோருடைய பிரதிநிதியும் ஒரே மேசையில், ஒரே தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேசும் இடம் நகர்மன்றம் ஒன்றுதான். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்பதால், ஊரின் வேறெந்தப் பழைய அவையிலும் இல்லாத ஒரு சேர்க்கை அங்கே கட்டாயமாக நடக்கிறது.

தமிழ்நாட்டையும் இதில் குறைசொல்லாமல் விட முடியாது. 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்த பிறகு நகர்ப்புறத்தில் ஐந்தாண்டுக்கும் மேல் தேர்தல் நடக்கவில்லை. கோட்டக்குப்பம் பேரூராட்சியும் அந்தக் காலம் முழுதும் தனி அலுவலர் ஆட்சியில் இருந்தது. 2022 பிப்ரவரி 19 அன்று மாநிலம் முழுவதும் வாக்குப்பதிவு நடந்தபோது விழுப்புரம் மாவட்டத்தில் விழுப்புரம், திண்டிவனம், கோட்டக்குப்பம் என மூன்று நகராட்சிகள். மார்ச் 4 அன்று தலைவர் தேர்தல். ஊர் வரலாற்றில் முதல் நகர்மன்றம் அப்படி அமைந்தது.

அந்த மன்றத்தின் முன்னால் இருக்கும் சிக்கல்களில் மிகக் கடினமானது எல்லைக்கோட்டை மதிக்காத ஒன்று: கடல். 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். இந்தக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் குவிந்தது, வடக்கே புதுச்சேரியின் மணற்கரை கரைந்து, மேரிக்கு எதிரே கல் கொட்டிக் காக்க வேண்டியதாயிற்று. கல் கொட்டிய இடம் தப்பும், அதற்கு வடக்கே உள்ள இடம் அரிக்கும். அப்படி ஒவ்வொரு கல்வரிசையின் முடிவிலும் அரிப்பு வடக்கே தள்ளிக்கொண்டே போய்த் தமிழ்நாட்டுக் குப்பங்களை அடைந்தது. தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று கட்டுமரம் இழுத்து நிறுத்த இடமில்லாமல் போன கரைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு நிர்வாகம் எடுத்த முடிவின் விளைவை இன்னொரு நிர்வாகத்தின் மக்கள் சுமக்கிறார்கள். மாவட்டத் திட்டக் குழு, பெருநகரத் திட்டக் குழு என்று அரசியலமைப்பு உள்ளாட்சிகளை இணைக்க வகுத்த ஏற்பாடுகள் எல்லாம் ஒரு மாநிலத்துக்கு உள்ளேதான். மாநில எல்லையின் இரு பக்கத்து நகராட்சிகள் உட்கார்ந்து பேச ஒரு மேசை கிடையாது. ஆகவே வழக்கு நீதிமன்றத்துக்குப் போகிறது, மனு ஆட்சியருக்குப் போகிறது, மீனவர் சாலை மறியலுக்குப் போகிறார்.

நவம்பர் 1 புதுச்சேரியில் விடுதலை நாள். 1954இல் ஆட்சி கைமாறிய நாள் அது. அதே நவம்பர் 1ஐத் தமிழ்நாடு உள்ளாட்சி நாளாகக் கொண்டாடுகிறது. 2022இல் அந்த நாளில்தான் நகர்ப்புறங்களில் முதன்முறையாகப் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்தால் இரண்டு வேலைகள் தெளிவாகத் தெரிகின்றன. கோட்டக்குப்பம் நகராட்சி தனக்கென நல்ல மண்டபம் ஒன்றைத் திட்டமிடும்போது, தலைவர் அறையைவிடப் பொதுமக்கள் உட்கார்ந்து கூட்டத்தைக் கேட்கும் இருக்கைகளுக்கும், தீர்மானப் புத்தகங்களையும் பதிவேடுகளையும் ஈரம் படாமல் காக்கும் அறைக்கும் முதலில் இடம் ஒதுக்க வேண்டும். நகர்மன்றக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது என்பது சட்டம். உட்கார இடமில்லாத கூடத்தில் அந்தச் சட்டத்துக்குப் பொருளில்லை. புதுச்சேரிக்கோ கூடம் தயாராக இருக்கிறது. 2021இல் எந்த ஒதுக்கீட்டுச் சிக்கலில் தேர்தல் நின்றதோ அதைத் தீர்த்து, அந்தக் கூடத்துக்கு ஒரு மன்றத்தை அனுப்ப வேண்டும். அந்த மன்றத்தின் முதல் அழைப்புகளில் ஒன்று, வடக்கே நான்கு கிலோமீட்டரில் இருக்கும் 27 உறுப்பினர் கொண்ட மன்றத்துக்குப் போகட்டும். பேச வேண்டிய பொருள், மணல்.